ஒரே பெயரில் இரு சிகிச்சைகள், நடுவில் எலும்பு

எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் இரண்டு மருத்துவக் கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்று என்னுடையது. மற்றொன்று, அண்ணி மறைந்த பிறகு என்னோடு வந்து தங்கிவிட்ட என் அண்ணனுடையது. எனக்கு 61 வயது, அவருக்கு 72. இரண்டு கோப்புகளிலும், வெவ்வேறு மருத்துவர்களின் கையெழுத்தில், 'ஹார்மோன் சிகிச்சையில் இருக்கிறார்' என்ற ஒரே வரி எழுதப்பட்டிருக்கிறது. அண்ணன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கும் எனக்கும் ஒரே வைத்தியம்தான் போலிருக்கிறதே" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கோப்புகளை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினேன். ஏழெட்டு மாதங்கள் கழித்து, தரையில் இருந்த ஒரு பெட்டியைக் குனிந்து தூக்கியவர் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒற்றை வரியை நான் ஒழுங்காகப் படிக்கவே இல்லை என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் முள்ளெலும்புகளில் ஒன்று புதிதாக நசுங்கியிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று, எப்போதோ நசுங்கி, யாருக்கும் தெரியாமல் ஆறிப்போயிருந்தது. முதுகெலும்பில் ஏற்படும் இத்தகைய முறிவுகளில் மூன்றில் ஒரு பங்குதான் உரிய காலத்தில் மருத்துவரின் கவனத்துக்கு வருகிறது என்று பிறகு படித்தேன். மீதி எல்லாம் 'முதுகு பிடித்துக்கொண்டது' என்ற கணக்கில் போய்விடுகின்றன. அண்ணனின் உயரம் குறைந்திருப்பதைக்கூட நாங்கள் கவனித்திருந்தோம். வயதானால் கூன் விழத்தானே செய்யும் என்று நாங்களே காரணமும் சொல்லிக்கொண்டோம். எலும்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எலும்பு அடர்த்தி ஸ்கேன் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?" என்பது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போடத் தொடங்கி அப்போது இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஸ்கேனை ஒருமுறைகூட எடுத்ததில்லை, எடுக்க வேண்டும் என்று எவரும் சொன்னதும் இல்லை.

நான் மருத்துவர் அல்லள். முப்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கை வேலை பார்த்தவள். ஒரே தலைப்பின்கீழ் வரவையும் செலவையும் எழுதிவைத்திருக்கும் பேரேட்டைக் கண்டால் எனக்கு எப்படி இருக்குமோ, 'ஹார்மோன் சிகிச்சை' என்ற சொல்லைக் கண்டபோது அப்படித்தான் இருந்தது. எனக்கு 47 வயதில் கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். உடலில் சுரப்பது நின்றுபோன ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஒட்டும் பட்டை வழியாக எனக்குக் கொடுக்கிறார்கள். அண்ணனுக்கோ, புற்றுநோய் செல்களுக்குத் தீனியாகும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்காதபடி மூளையடிச் சுரப்பியை ஊசியால் அடக்கிவைக்கிறார்கள். எனக்கு இல்லாததைக் கொடுப்பதும், அவருக்கு இருப்பதை நிறுத்துவதும் ஒரே பெயரில் வழங்குகின்றன. மற்ற உறுப்புகளுக்கு எப்படியோ, எலும்பைப் பொறுத்தவரை இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகிறவை.

இதைப் புரிந்துகொள்ள எலும்பைப் பற்றிய ஒரு பழைய நினைப்பை முதலில் கைவிட வேண்டியிருந்தது. எலும்பு என்றால் சுவரைப் போல ஒருமுறை கட்டி முடிந்த பொருள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஓயாமல் இடித்துக் கட்டப்படுகிறது. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதிதாகிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் ஓரிடத்தில் சில வாரங்களில் ஒரு பள்ளத்தைத் தோண்டுகின்றன. பின்னால் வரும் கட்டும் செல்கள் அதை நிரப்ப மூன்று நான்கு மாதங்கள் எடுத்துக்கொள்கின்றன. தோண்டுவது விரைவு, நிரப்புவது மெதுவு என்பதால், ஒரே நேரத்தில் எத்தனை இடங்களில் தோண்டல் நடக்கலாம், கரைக்கும் செல்கள் எத்தனை நாள் உயிரோடு இருக்கலாம் என்பதற்கெல்லாம் ஒரு கட்டுப்பாடு தேவைப்படுகிறது. அந்தக் கட்டுப்பாட்டில் பெரும் பங்கு ஈஸ்ட்ரோஜனுடையது. கரைக்கும் செல்களை உருவாக்கத் தூண்டும் ஒரு புரதத்தை அது குறைக்கிறது. அந்தப் புரதத்தைத் தடுத்துநிறுத்தும் இன்னொரு புரதத்தைக் கூட்டுகிறது. கரைக்கும் செல்களின் ஆயுளையும் சுருக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் போய்விட்டால் தோண்டும் இடங்கள் பெருகுகின்றன, பள்ளங்கள் ஆழமாகின்றன, நிரப்பும் வேலை பின்தங்கிவிடுகிறது.

இதன் விளைவு எல்லா எலும்பிலும் ஒரே வேகத்தில் வருவதில்லை. எலும்புக்கூட்டின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு கெட்டியான புறவெலும்பு. மீதி ஒரு பங்கு, தேன்கூடு போன்ற உள்ளெலும்பு. அந்த உள்ளெலும்புக்கு எடை குறைவானாலும் மேற்பரப்பு மிக அதிகம் என்பதாலும், செல்கள் வேலை செய்வது மேற்பரப்பில்தான் என்பதாலும், இழப்பு அங்கேதான் முதலில் தெரிகிறது. முள்ளெலும்புகளிலும் மணிக்கட்டிலும் இது நிறைந்திருப்பதால்தான் முதல் முறிவுகள் பெரும்பாலும் அங்கே வருகின்றன. இடுப்பருகே தொடையெலும்பின் கழுத்து முறிவது பெரும்பாலும் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. தேன்கூட்டின் மெல்லிய குறுக்குச் சட்டங்கள் வெறுமனே மெலிந்திருந்தால் அவற்றை மீண்டும் தடிக்கச் செய்யலாம். ஒரு சட்டம் முழுவதும் அறுந்து இணைப்பு போய்விட்டால், இருமுனைகளையும் மறுபடி சேர்ப்பதற்கு வழி கிடையாது. எலும்பு விஷயத்தில் காலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இங்கே நம் பேச்சுவழக்கைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். நாம் எல்லாவற்றையும் 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லிவிடுகிறோம். மூட்டில் உள்ள குருத்தெலும்பு தேய்ந்து முழங்கால் வலிப்பதும் தேய்மானம். எலும்புக்குள் அடர்த்தி குறைந்து அது புரையோடிப்போவதும் தேய்மானம். முதலாவது வலிக்கும்; இரண்டாவது முறிகிற நாள்வரை வலிக்காது. அண்ணனின் கோப்பிலேயே, ஸ்கேனுக்கு வெகுகாலம் முன்பு, 'தேய்மானம் இருக்கிறது, வயதுக்கு ஏற்றதுதான்' என்று யாரோ வாய்மொழியாகச் சொன்னதை அவரே குறித்துவைத்திருந்தார். முழங்காலைப் பற்றிச் சொன்னது அது. எலும்பையும் பார்த்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். எலும்புப்புரை என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது, அதைப் புழங்கினால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

ஈஸ்ட்ரோஜனுக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பும் அல்ல. மாதவிடாய் நின்ற பெண்களிடம் முள்ளெலும்புகள் நசுங்குவதை அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் 1940களின் தொடக்கத்திலேயே ஈஸ்ட்ரோஜன் குறைவோடு சேர்த்துப் பார்த்தார். கருவுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் எலும்பிழப்பு தடைபடுகிறது என்பதை ராபர்ட் லிண்ட்சேயும் அவருடைய குழுவினரும் 1976இல் காட்டினார்கள். நிறுத்திவிட்டால் அந்த இழப்பு மீண்டும் தொடங்கிவிடுகிறது என்பதையும் அவர்களே 1978இல் வெளியிட்டார்கள். இடையில் 1975இல், கருப்பை உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே கொடுத்தால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் பெருகுகிறது என்பதும் தெரியவந்தது. கருப்பை உள்ளவர்களுக்குக் கூடவே, அந்த உட்சுவரைக் காக்கும் புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனைச் சேர்ப்பது அதனால்தான். எனக்குக் கருப்பை இல்லாததால் அது தேவைப்படவில்லை. சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, பின்னால் வரும் எண்களில் பெரிதாகிறது.

அந்த எண்களுக்கு வருகிறேன். பெண்கள் நல முன்முயற்சி என்ற பேராய்வு அமெரிக்காவில் 1990களில் தொடங்கியது. அதன் ஒரு பிரிவில், கருப்பை உள்ள, 50 முதல் 79 வயதுக்குட்பட்ட 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த மாத்திரையும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். எட்டரை ஆண்டுகள் நடக்கவிருந்த அந்த ஆய்வைச் சராசரியாக 5.2 ஆண்டுகளிலேயே, 2002 ஜூலையில், நிறுத்திவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பெண்கள் மாத்திரைகளைக் குப்பையில் போட்டார்கள். மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பதையே விட்டார்கள்.

தணிக்கை வேலையில் நான் கற்ற முதல் பாடம், விழுக்காட்டைக் கேட்டவுடன் 'எதில்?' என்று திருப்பிக் கேட்பது. 10,000 பெண்கள் ஓராண்டு வெற்று மாத்திரை எடுத்தால் அவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்தால் 38 பேருக்கு. மாரடைப்பு முதலிய இதயத் தமனி நோய்கள் 30இலிருந்து 37 ஆகவும், பக்கவாதம் 21இலிருந்து 29 ஆகவும், நுரையீரலில் இரத்தக் கட்டி அடைப்பது 8இலிருந்து 16 ஆகவும் கூடின. மறுபக்கத்தில், பெருங்குடல் புற்றுநோய் 16இலிருந்து 10 ஆகவும், இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10 ஆகவும் குறைந்தன. இந்தக் கூடுதல்கள் சிறியவை என்பதற்காக அவற்றைத் தள்ளிவிடலாம் என்று நான் சொல்லவில்லை; ஆண்டுதோறும் பத்தாயிரத்தில் எட்டு என்பது அந்த எட்டுப் பேருக்குச் சிறிய எண் அல்ல. ஆனால் ஒரு முடிவை எடுக்கிறவருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலில் காட்டப்பட வேண்டும், அப்போது அப்படிக் காட்டப்படவில்லை.

எலும்பைப் பற்றி அந்த ஆய்வு சொன்ன ஒரு செய்தி இரைச்சலில் அமுங்கிப்போனது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் எலும்புப்புரை நோயாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், பொதுவான பெண்கள். அப்படியிருந்தும் மொத்த முறிவுகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கும், இடுப்பெலும்பு முறிவுகள் மூன்றில் ஒரு பங்கும் குறைந்தன. மற்ற எலும்பு மருந்துகளின் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் ஏற்கெனவே அடர்த்தி குறைந்தவர்களிடம் நடத்தப்பட்டவை என்பதை நினைத்தால் இது சாதாரண விஷயம் இல்லை. கருப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துப் பார்த்த மற்றொரு பிரிவு 2004இல் நிறுத்தப்பட்டது. அங்கேயும் இடுப்பெலும்பு முறிவு 10,000க்கு ஆண்டுக்கு 6 குறைந்தது, பக்கவாதம் 12 கூடியது, மார்பகப் புற்றுநோய் கூடவே இல்லை. நான் எந்தப் பிரிவைச் சேர்ந்தவள் என்று எனக்குத் தெரிந்திருந்தால், 2002ஆம் ஆண்டின் தலைப்புச் செய்தியை நினைத்து, அறுவைக்குப் பின் பட்டையை ஒட்டிக்கொள்ள ஆறு மாதம் தயங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் அதே ஆய்வை முதியவர்களின் பக்கமிருந்து படித்தால் வேறொரு முகம் தெரிகிறது. மாத்திரையைத் தொடங்கியபோது அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த பின் முதன்முதலாக ஹார்மோன் எடுத்தவர்கள் அதில் நிறையப் பேர். 65 வயதைக் கடந்த 4,532 பெண்களிடம் நடந்த துணை ஆய்வில், இரு ஹார்மோன்களும் எடுத்தவர்களிடம் மறதிநோய் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கினால் நன்மை தீமைகளின் நிறை ஒருவிதம், அதற்குப் பிறகு தொடங்கினால் வேறுவிதம் என்ற கருத்து இவற்றிலிருந்து உருவாகி, இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்களில் இடம்பெற்றிருக்கிறது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் உறையில் இரண்டு பத்தாண்டுகளாக இருந்துவந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தபோது, என் 74 வயதுத் தோழி ஒருத்தி, "இனி நானும் எலும்புக்காக எடுத்துக்கொள்ளலாமா?" என்று தொலைபேசியில் கேட்டாள். உறையில் உள்ள வாசகம் மாறினாலும் அவளுடைய இரத்தக் குழாய்களின் வயது மாறவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. 74 வயதில் எலும்புக்காக மட்டும் ஈஸ்ட்ரோஜனைப் புதிதாகத் தொடங்குவதை எந்த மருத்துவரும் எளிதில் பரிந்துரைக்க மாட்டார். அந்த வயதில் எலும்புக்கென்றே உள்ள மருந்துகள் இருக்கின்றன. அவளிடம் அதையே சொன்னேன், ஸ்கேன் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கவும் சொன்னேன்.

ஒரு வேறுபாட்டை இங்கேயே குறித்துவிடுகிறேன். பிறப்புறுப்பின் வறட்சிக்காகத் தரப்படும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு அந்த இடத்தில் மட்டுமே வேலை செய்கிறது. அதை எடுத்துக்கொள்வதால் எலும்பு காக்கப்படுவதாக நினைத்துவிடக் கூடாது. தோலில் ஒட்டும் பட்டையோ உடல் முழுவதற்கும் போய்ச் சேருவது. கல்லீரலை முதலில் கடக்காமல் நேரே இரத்தத்தில் கலப்பதால், மாத்திரையைவிட இரத்தக் கட்டி உண்டாகும் அபாயம் அதில் குறைவு என்று, மருந்து எடுப்பவர்களை வெறுமனே கவனித்துப் பார்த்த நோக்கீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

இனி அண்ணனின் கோப்பு. ஆணின் எலும்பைக் காப்பது டெஸ்டோஸ்டிரோன் என்று நான் நினைத்திருந்தேன், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். 1994இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஒரேயொரு நோயாளியின் கதை இந்த நினைப்பைப் புரட்டிப் போட்டிருக்கிறது. அவருக்கு வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே இருந்தது. ஆனால் ஈஸ்ட்ரோஜனை ஏற்றுக்கொள்ளும் ஏற்பி, மரபணுக் கோளாறால் அவர் உடலில் வேலை செய்யவில்லை. அந்த இளைஞரின் எலும்புகள் புரையோடிப்போயிருந்தன. எலும்பை நீளச்செய்யும் வளர்ச்சித் தட்டுகள் மூடவே இல்லை. ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு சிறு பங்கு அரோமட்டேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. எலும்பு கரைவதைக் கட்டுக்குள் வைக்கும் வேலையில் பெரும்பகுதியை, ஆண்களிடத்திலும், அந்தச் சிறு பங்கே செய்கிறது. 2000ஆவது ஆண்டில் முதிய ஆண்களிடம் இரண்டு ஹார்மோன்களையும் தனித்தனியே நிறுத்தியும் கொடுத்தும் பார்த்த ஆய்வும் இதையே உறுதிசெய்தது. ஆகவே அண்ணனுக்குப் போடும் ஊசி டெஸ்டோஸ்டிரோனை அடக்கும்போது, அதிலிருந்து பிறக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தே வற்றிவிடுகிறது. மாதவிடாய் நிற்கும்போது பெண்ணுக்குச் சில ஆண்டுகளில் நேர்வது அவருக்குச் சில வாரங்களில் நேர்ந்தது, அதுவும் எழுபதை நெருங்கும் வயதில்.

இதெல்லாம் மருத்துவ உலகம் அறியாதது அன்று. 50,000க்கும் மேற்பட்ட புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், நோய் கண்டறியப்பட்டபின் ஐந்து ஆண்டுகளாவது உயிரோடிருந்தவர்களில், ஹார்மோனை அடக்கும் சிகிச்சை பெற்றவர்களுக்கு 19.4 விழுக்காடும் பெறாதவர்களுக்கு 12.6 விழுக்காடும் முறிவு நேர்ந்திருந்தது. 2009இல், இதே சிகிச்சையில் இருந்த 1,468 ஆண்களிடம் நடந்த ஆய்வில், எலும்பு கரைவதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி, மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பின் புதிய முறிவுகளை 3.9 விழுக்காட்டிலிருந்து 1.5 ஆகக் குறைத்தது. அண்ணனுக்குச் சிகிச்சை தொடங்கியபோது இவை இரண்டும் பழைய செய்திகள். புற்றுநோயைப் பார்த்தவர்கள் அதை மிக நன்றாகவே பார்த்தார்கள், அதில் எனக்கு நன்றிக்கடன் உண்டு. புற்றுநோய் இன்றுவரை அடங்கியே இருக்கிறது. ஆனால் முதல் ஊசியின்போதே டெக்ஸா எனப்படும் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் இரத்தத்தில் வைட்டமின் டி அளவும் பார்க்கச் சொல்ல இரண்டு வரிகள் போதுமானவை. அந்த இரண்டு வரிகள் எழுதப்படாததால் இரண்டு முள்ளெலும்புகள் போயின. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை.

ஸ்கேன் கடைசியில் எடுக்கப்பட்டபோது டி ஸ்கோர் என்ற எண் இடுப்பில் மைனஸ் 3.1 என்று வந்தது. இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதைக் காட்டும் எண் அது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறைப்படி மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் எலும்புப்புரை. மைனஸ் 1க்கும் அதற்கும் இடைப்பட்டது அடர்த்திக் குறைவு. ஆனால் முள்ளெலும்பு தானாகவே நசுங்கியவருக்கு அந்த எண் என்னவாக இருந்தாலும் சிகிச்சை தேவை என்று மருத்துவர் விளக்கினார்.

அண்ணனுக்கும் டெனோசுமாப் தொடங்கப்பட்டது. பல்லில் பிடுங்க வேண்டியது ஏதும் இருந்தால் முன்கூட்டியே முடித்துவிடச் சொன்னார்கள், தாடையெலும்பு ஆறாமல் போகும் அரிதான பக்கவிளைவுக்கு அஞ்சி. அதைவிட முக்கியமாக நாங்கள் நினைவில் வைத்திருப்பது தேதி. இந்த மருந்து எலும்பில் தங்குவதில்லை. ஆறு மாதம் முடிந்து ஊசி தள்ளிப்போனால், அடக்கிவைக்கப்பட்டிருந்த கரைக்கும் செல்கள் ஒரே நேரத்தில் பாய்ந்து, அதுவரை சேர்ந்த அடர்த்தியைக் கரைத்துவிடுகின்றன. ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கியவர்களும் உண்டு. சென்ற முறை ஒரு பயணத்தைக் காரணம் காட்டி, "அடுத்த மாதம் போட்டுக்கொண்டால் என்ன?" என்றார் அண்ணன். பயணத்தைத்தான் தள்ளிவைத்தோம்.

அவருடைய நண்பர் ஒருவர், வயது 68, புற்றுநோய் ஏதும் இல்லாதவர், சோர்வுக்காக டெஸ்டோஸ்டிரோன் களிம்பு தடவிக்கொள்கிறார். எலும்புக்கும் நல்லதுதானே என்று ஒருநாள் கேட்டார். நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. 65 வயதைக் கடந்த ஆண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களின் முதுகெலும்பு அடர்த்தி உண்மையிலேயே கூடியது. ஆனால் 2024இல் வெளியான, 5,000க்கும் மேற்பட்ட ஆண்களைச் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் தொடர்ந்த ஆய்வில், அதை எடுத்தவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும் வெற்றுக் களிம்பு தடவியவர்களில் 2.46 விழுக்காட்டினருக்கும் முறிவு ஏற்பட்டிருந்தது. அடர்த்தி கூடினால் முறிவு குறையும் என்ற எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிவிட்டது. சுறுசுறுப்பு கூடியதால் அதிகம் ஓடியாடி விழுந்தார்களோ என்று சிலர் ஊகிக்கிறார்கள், அது ஊகம்தான். ஸ்கேன் எண்ணை மட்டும் வைத்து ஒரு மருந்தை மெச்சுவதில் எனக்கிருந்த நம்பிக்கை அன்றோடு குறைந்தது.

'ஹார்மோன் சிகிச்சை' என்ற பெயர் மறைத்துவைக்கும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் போன்ற மாத்திரைகளை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தருகிறார்கள். அண்ணனின் உடலில் நான் சொன்ன அதே அரோமட்டேஸ் நொதியை அடைப்பவை இவை. எஞ்சியிருந்த கொஞ்ச ஈஸ்ட்ரோஜனும் இவற்றால் இல்லாமல் போகிறது. அனஸ்ட்ரசோலையும் டாமாக்சிஃபெனையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் முறிவுகள் முறையே 11 விழுக்காடும் 7.7 விழுக்காடுமாக இருந்தன. டாமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும், மாதவிடாய் நின்றவர்களின் எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொள்கிறது. இதே குணமுள்ள ராலாக்சிஃபென் எலும்புக்கான மருந்தாகவே வழங்கப்படுகிறது. முதுகெலும்பு முறிவுகளைக் குறைக்கும், இடுப்பெலும்பைக் காப்பதாகக் காட்டப்படவில்லை. தைராய்டு மாத்திரையின் அளவு தேவைக்கு மேல் போனாலும், ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் எடுத்தாலும் எலும்பு இழப்பு உண்டு. இவையும் ஹார்மோன்களே என்பதோடு அதை விட்டுவிடுகிறேன், ஏனெனில் ஒவ்வொன்றும் தனியே எழுத வேண்டியது.

என் கோப்புக்குத் திரும்புகிறேன். சினைப்பைகளை இழந்த பெண்ணுக்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான ஐம்பது ஐம்பத்தொன்று வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது, எடுக்கக் கூடாத காரணம் ஏதும் இல்லாதபோது, பொதுவாக ஏற்கப்பட்ட வழக்கம். நான் அதைத் தாண்டிப் பத்தாண்டுகளாக எடுத்துவருகிறேன், குறைந்த அளவில். இரவில் வியர்த்து எழுவது நிற்கவில்லை என்பது ஒரு காரணம், எலும்பு இன்னொன்று. என் டி ஸ்கோர் மைனஸ் 1.4, பதினான்கு ஆண்டுகளில் மிகக் கொஞ்சமே இறங்கியிருக்கிறது. இப்போது 61 வயதில் என் மருத்துவர், நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாமா என்று கேட்கிறார். வயது ஏற ஏறப் பக்கவாதத்தின் அடிப்படை அபாயமே ஏறுவதால், அதன்மேல் ஹார்மோன் சேர்க்கும் பங்கும் பெரிதாகிறது என்பது அவருடைய கணக்கு. அதில் தவறு சொல்ல எனக்கு ஏதும் இல்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனில் பத்து லட்சம் பெண்களைத் தொடர்ந்த ஆய்வு, நிறுத்திய ஏறத்தாழ ஓராண்டில் முறிவு அபாயம் ஹார்மோனே எடுக்காதவர்களின் அளவுக்குத் திரும்பிவிடுகிறது என்று 2004இல் கண்டது. 80,955 பெண்களைப் பற்றி 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நிறுத்தியவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு தொடர்ந்தவர்களைவிட 55 விழுக்காடு அதிகம். பெண்கள் நல முன்முயற்சியில் பங்கேற்றவர்களைப் பிறகு தொடர்ந்தபோதோ, நிறுத்தியதால் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் கூடுதல் முறிவு ஏதும் ஏற்படவில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைப்பது இதுதான்: டெனோசுமாபை நிறுத்தினால் வருவது போன்ற பாய்ச்சல் ஈஸ்ட்ரோஜனை நிறுத்தினால் வருவதில்லை, ஆனால் அது காத்துக்கொண்டிருந்த வேலையும் அன்றோடு நின்றுவிடுகிறது. பட்டை என் எலும்புக்கு வாங்கிக்கொடுத்தது பதினான்கு ஆண்டுக் கால அவகாசம். 75 வயதில் நான் விழும்போது அந்த அவகாசம் தானாக என்னைத் தாங்கிப் பிடிக்கும் என்று நம்ப முடியாது.

அதனால் நிறுத்தும் நாளுக்கு முன்பே அடுத்தது என்ன என்று கேட்டேன். ஆறு மாதத்தில் படிப்படியாக அளவைக் குறைத்து நிறுத்துவது, நிறுத்தியதும் ஒரு ஸ்கேன், ஓராண்டு கழித்து மறு ஸ்கேன், இறக்கம் வேகமாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே செலுத்தும் ஸோலெட்ரோனிக் அமிலம் என்று பேசி முடித்திருக்கிறோம். அந்த மருந்து எலும்பிலேயே படிந்து நெடுநாள் தங்கிவிடுவதால், ஒரு தவணை பிந்தினாலும் டெனோசுமாப் போலப் பழிவாங்காது. வாரத்தில் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவதும் இப்போதே தொடங்கிவிட்டன. அண்ணனும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், குனிந்து தூக்குவது மட்டும் அவருக்குத் தடை.

சென்ற வாரம் இரண்டு கோப்புகளின் அந்த ஒரே வரியையும் அடித்துவிட்டு என் கையாலேயே மாற்றி எழுதினேன். என்னுடையதில் 'ஈஸ்ட்ரோஜன் தரப்படுகிறது, நிறுத்தும் திட்டம் உண்டு, நிறுத்தியதும் எலும்பு ஸ்கேன்' என்றும், அண்ணனுடையதில் 'டெஸ்டோஸ்டிரோன் அடக்கப்படுகிறது, எலும்பு ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தள்ளிப்போடக் கூடாது' என்றும் இருக்கிறது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் படித்தார். தன்னுடைய வரியின் கீழே அடுத்த ஊசியின் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிட்டுக் கோப்பை மூடினார்.